வால் வண்டி

பாய்லரக் காணோம். ஹெல்மெட்டக் கழட்டுறதுக்கு முன்னாடியே எங் கண்ணு அங்கதான் போச்சு, போன வாரம் வரைக்கும் பொன்னுத்தாயி அக்கா டீக்கடையில சாமி செல மாதிரி நின்ன பித்தள பாய்லரு, பட்டையா விபூதி பூசி, குங்குமம் வச்சு, அதுல மொகம் பாத்து மீச வெட்டிக்கலாம், அம்புட்டுப் பளபளப்பு, இப்ப அந்த எடத்துல ஒரு கேஸ் அடுப்பு, அது மேல கரி புடிச்ச சட்டி. சட்டியில என்ன தெரியும், ஒரு மண்ணும் தெரியாது. "என்னக்கா, பாய்லரு கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருச்சா?"ன்னு கேட்டேன், பல்லக் காட்டிக்கிட்டேதான் கேட்டேன். அக்கா வாய அசச்சுச்சு. ஓட்டைன்னுச்சா, ஒடஞ்சிருச்சுன்னுச்சா, ஒண்ணும் வெளங்கல. "ஆமாமா, எல்லாத்துக்கும் வயசாவுதுல்ல"ன்னு பொதுவா ஒண்ண எடுத்து விட்டேன். அக்கா தலைய ஆட்டுச்சு. தப்பிச்சேன். பொதுவா பேசுறதுல இப்ப என்னய மிஞ்ச ஆளு கெடயாது, எவன் என்ன சொன்னாலும் பொருந்துற மாதிரி அஞ்சாறு பேச்சு தயாரா வச்சிருக்கேன், அதுவும் போதலன்னா நானே விடாம பேசிருவேன். நாம பேசிக்கிட்டே இருந்தா அடுத்தவன் பேசுறதக் கேக்க வேண்டிய வேலையே இல்லையில்ல. முன்னயெல்லாம் வாய் சும்மா இருக்காம பேசுனேன். இப்ப பயத்துல பேசுறேன். பாக்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், வெள்ளை இன்னைக்கு நல்ல மூடுல இருக்கான்னு நெனச்சுக்குவான்.

நாங்க நாலு பேரு. ஞாயித்துக்கெழம விடிஞ்சா யாரு வீட்டுல கல்யாணம்னாலும் கருமாதின்னாலும் மொதல்ல சிறுமலை, பெறகுதான் மத்தது. மொத வண்டி இருதயராசு, கரண்டு கம்பத்துல ஏறுற வேல, அவங்கய்யா ஓட்டுன புல்லட்டு, அவன மாதிரியே அதுவும் மிதி வாங்காம எந்திரிக்காது. ரெண்டாவது லோகு, வயசுல சின்னவன், புதுசா ஒரு வண்டி எடுத்திருக்கான், பாத்தா காண்டாமிருகம், ஸ்டார்ட் பண்ணா பக்கத்து வீட்டு மிக்ஸி. மூணாவது சிக்கந்தரு, டயர்க் கடை, ஸ்ப்ளெண்டரு. "ஊருக்கெல்லாம் டயர் மாத்துறீங்க பாய், நீங்க ஒரு வண்டி மாத்த மாட்டீங்களா?"ன்னு கேட்டா, "இது எனக்கு மைலேஜ் குடுக்குது, நீ எனக்கு என்னடா குடுத்த?"ம்பாரு. கடைசி வண்டி நானு. பேரு கருப்பையா, மாவு மில்லு வச்சிருக்கேன், எந்நேரமும் மாவு பூத்துப் போயி நிக்கிறதுனால பேரு வெள்ளை. எங்கிட்ட இருக்குறது பழய ஆர்.எக்ஸ். பைக்கு, கறுப்பு, பொண்டாட்டிக்கு முந்தி வந்தது. பஞ்சவர்ணம் வீட்டுக்குள்ள வந்தப்ப வாசல்ல அது நின்னுச்சு, "இது யாரு, மூத்தவளா?"ன்னு கேட்டா, அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன் இவ நமக்குச் சரியான ஆளுன்னு. வால் வண்டின்னா சும்மா பின்னாடி வர்றது இல்ல. மலையில வளைவுக்கு வளைவு முன்னாடி போறவன் மறஞ்சு போவான், கண்ணுக்கு ஒருத்தனும் தெரியமாட்டான், காதுதான். மேல ரெண்டு வளைவு தள்ளிப் போற பாயோட வண்டியில செயினு தொங்குதுன்னு இங்கருந்து சொல்லுவேன். இருதயம் கியரு மாத்துற தினுசுலயே ராத்திரி வீட்டுல சண்ட போட்டுட்டு வந்திருக்கானான்னு சொல்லிருவேன். பின்னாடி பஸ்சு ஏறுனா அவய்ங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும், நான் ரெண்டு ஹாரன் அடிச்சா அத்தன பேரும் எடதுல ஒதுங்கிருவாய்ங்க, திரும்பிக்கூடப் பாக்க மாட்டாய்ங்க, வெள்ளை அடிச்சிட்டான்ல, அப்ப பஸ்சு வருதுன்னு அர்த்தம், அம்புட்டு நம்பிக்க. அந்த நம்பிக்கதான் இப்ப நெஞ்சுல ஒக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது.

இன்னைக்குச் சொல்லிரணும். டீயக் குடிச்சிட்டுச் சொல்லிரணும். காலையில சாக்ஸ் மாட்டுறப்பயே முடிவு பண்ணுனது. போன வாரமும் சாக்ஸ் மாட்டுறப்ப முடிவு பண்ணேன், மேல வந்து பாய்லரப் பாத்ததும் விட்டுட்டேன், ஏன்னா பாய்லரு இருந்துச்சு. எப்ப ஆரம்பிச்சுதுன்னு எனக்கே தெரியாது, அதான் இதுல உள்ள வேடிக்க. பல்லு விழுந்தா தெரியுது, முடி கொட்டுனா தெரியுது, சத்தம் போறது மட்டும் சத்தமில்லாமப் போவுது. பஞ்சவர்ணத்துக்கிட்ட "என்னடி இந்த வருசம் வேப்பமரத்துல குயிலே வரல"ன்னேன். அவ கையில இருந்த மொறத்த அப்பிடியே வச்சுட்டு என்னயப் பாத்தா. அந்தப் பார்வ இருக்கே. குயிலு அப்ப கூவிக்கிட்டுல்ல இருந்திருக்கு. பெறகு ஒரு காது டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா, கண்ணாடி ரூமுக்குள்ள ஒக்கார வச்சு, காதுல தொப்பிய மாட்டி, சத்தம் கேட்டா வெரல தூக்குங்கன்னாரு, நான் வெரல தூக்குறதுக்காகக் காத்துக்கிட்டே இருக்கேன், இன்னும் ஆரம்பிக்கலையோன்னு பாத்தா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரு முடிச்சுட்டு எழுதிக்கிட்டிருக்காரு. வலது போச்சு. எடதுல கீச்சுச் சத்தமெல்லாம் போச்சு, அடிச் சத்தம் கொஞ்சம் இருக்கு, அதுவும் எறங்கிக்கிட்டிருக்கு. மில்லு பெல்ட்டுச் சத்தமாம், அது பத்தாதுன்னு சைலன்சரு சத்தமாம், நரம்பாம். நான் அவரு பேசுற மாதிரியே மூக்கால பேசிக் காட்டினேன், நர்சு சிரிச்சுச்சு, பஞ்சவர்ணம் சிரிக்கல. "மிசினு மாட்டுங்க, வண்டிய விட்ருங்க"ன்னாரு. மிசின வாங்கி மாட்டுனேன், ஹெல்மெட்டப் போட்டதும் அது காதுக்குள்ள விசிலடிக்குது, சர்க்கஸ்காரன் மாதிரி. டப்பாவுல போட்டு வச்சாச்சு. இப்ப வீட்டுல அவ பேசுறதெல்லாம் கத்தல்தான், தெருவே நெனைக்குது எங்களுக்குள்ள தெனமும் சண்டன்னு, எதுத்த வீட்டுக்காரரு வந்து "தம்பி, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க"ன்னு சமாதானம் பண்ணிட்டுப் போறாரு. அவ என்ன கத்துனா தெரியுமா, ரசத்துக்கு உப்புப் போதுமான்னு கேட்டா.

"வெள்ளை, ஒக்காருடா, ஒன் சீட்டு காலியா இருக்கு." இது லோகு. தாடி வேற வச்சிருக்கான், பாதிப் பேச்சு தாடிக்குள்ளயே நின்னுருது, இருந்தாலும் இத அவன் வாராவாரம் சொல்றதுனால வாயப் பாக்காமலே தெரியும். முதுகாட்டம். ரோட்டுக்கு முதுகக் காட்டி பெஞ்சுல ஒக்காரணும், போற வண்டி, வர்ற வண்டி, என்ன வண்டின்னு சத்தத்த வச்சுச் சொல்லணும், தப்பாச் சொன்னா எல்லா வண்டியையும் அவனே தொடைக்கணும். நான் இது வரைக்கும் துணியத் தொட்டது கெடயாது. வண்டிய மட்டுமா சொல்லுவேன், பின்னாடி ஒக்காந்திருக்குறது பொண்டாட்டியா மச்சினனான்னும் சேத்துச் சொல்லுவேன், அந்தம்மா ஓரமா ஒக்காந்தா வண்டி வளைவுல ஒரு மாதிரி மொனங்கும்ல. இருதயம் மக கல்யாணத்துல மைக்கக் குடுத்தாய்ங்க, நாலு வார்த்த வாழ்த்துங்கன்னு, நான் வாழ்த்தெல்லாம் சொல்லல, வாயாலயே நாலு வண்டியையும் மலையேத்திக் காட்டினேன், புல்லட்டு மிதிக்கு எந்திரிக்காம தும்முறது, மிக்ஸி ஓடுறது, பாயோட வண்டி பெட்ரோலு மிச்சம் புடிக்க எறக்கத்துல ஆஃப் ஆவுறது, கடைசியா என் ஆர்.எக்ஸ்., ர்ர்ரிங்டிடிடிங்ங்ங், சர்ச்சு சாமியாரே வயித்தப் புடிச்சுக்கிட்டாரு. அன்னைக்கு எனக்கு நல்லாக் கேட்டுச்சு. சிரிப்பு மண்டபத்தோட அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தது கேட்டுச்சு. சிரிப்பு வர்றது கேட்டாத்தான் அடுத்தத எடுத்து விட முடியும், அதுதான் கணக்கு, இப்ப நான் வாய மூடிக்கிட்டு அவய்ங்க தோளப் பாக்குறேன், தோளு குலுங்குதா, அப்ப சிரிக்கிறாய்ங்க, அடுத்தது.

ஒக்காந்தேன். இம்புட்டு நாளா பாய்லருதான் எனக்குக் காதா இருந்துச்சு. முதுகக் காட்டி ஒக்காந்தா நேரா எதுக்க பாய்லரு, அது வயித்துல ரோடு வளஞ்சு தெரியும், பின்னாடி வர்ற வண்டி மொதல்ல ஒரு புள்ளி, பெறகு புழு, பெறகு வண்டி, நான் கண்ண மூடுற மாதிரி மூடிக்கிட்டு ஓரத்துல பாத்துக்கிட்டே "பல்சரு... ரெண்டு பேரு... பின்னாடி வாழத்தாரு"ம்பேன், பாயி "யா அல்லா"ன்னு தலையில கை வப்பாரு. இது திருட்டுத்தான், எனக்கென்ன தெரியாதா. ஆனா யாரு சோத்துல மண்ணப் போட்டேன்? அந்தப் பெஞ்சுல நான் ஒக்காந்திருக்குற வரைக்கும் வாலு எனக்கு, வாலு இருக்குற வரைக்கும் ஞாயித்துக்கெழம எனக்கு. வாலு போச்சுன்னா பெறகு என்ன, கூட்டத்துல ஒரு செவிட்டுப் பய, அவன நடுவுல போட்டுக் கூட்டிட்டுப் போவணும், பெறகு ஒருநா "மழையா இருக்கு, நீ வீட்டுல இருடா"ம்பாய்ங்க, பெறகு மழை இல்லாதப்பவும் இருக்கணும். ஆனா பாலு வேனு வந்துருது நெனப்புல. போன வாரம் எறங்குறப்ப ஏழாவது வளைவுல, வலது பக்கமா ஒரு வேனு கை உரசுற மாதிரி வந்து நிக்குது, டிரைவரு சன்னல்ல பாதி ஒடம்பு வெளிய தொங்கிக்கிட்டுத் திட்டுறான், கழுத்து நரம்பு பொடச்சு நிக்குது, வாய் அப்பிடித் தெறக்குது இப்பிடித் தெறக்குது, ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. எவ்வளவு நேரமா ஹாரன் அடிச்சானோ. நான் என்ன பண்ணேன், அவன மாதிரியே வாயத் தெறந்து தெறந்து மூடிக் காட்டினேன், பழக்க தோசம், அவன் பயந்துட்டான். வேனு என்னயத் தாண்டிப் போச்சு. முன்னாடி அவய்ங்க மூணு பேரும் ரோட்டு நடுவுல ஆடிக்கிட்டுப் போறாய்ங்க. நான் ஹாரன் அடிக்கலையில்ல, அதனால பின்னாடி ஒண்ணும் வரலன்னு நெனச்சுப் போறாய்ங்க. வேனு டிரைவரு நல்ல மனுசன், பொறுமையாத் தாண்டிப் போனான். அடுத்து வர்றவன் நல்ல மனுசனா இல்லாமப் போனா? ராத்திரி படுத்தா இந்த எடத்துலயே வந்து மாட்டுது, அதுக்கு மேல நெனப்பு ஏற மாட்டேங்குது.

டீ கிளாச பெஞ்சுல வச்சேன். டீயில ஆடை நடுங்குச்சு. தும்பு தும்புன்னு பெஞ்சுப் பலகையில அடி ஏறுது, தொடையில தெரியுது. "புல்லட்டு"ன்னேன். "சரி!" பாயி கையத் தூக்குனாரு. அடிச் சத்தம் இருக்குற வண்டி பொழச்சுது. அடுத்து ஒண்ணும் நடுங்கல, ஆனா அக்காவோட கண்ணு எடதுலருந்து வலதுக்கு மெதுவாப் போச்சு, மொகம் சுளிக்கல, பொகையில்ல, மெதுவாப் போற வண்டி, "எக்செல்லு, தேங்கா ஏத்திருக்கான்"ன்னேன். அக்கா சிரிச்சுச்சு. சரியாத்தான் இருந்திருக்கும், இல்ல தப்பாச் சொன்னதுக்குத்தான் சிரிச்சுச்சோ, பாய் தோளு குலுங்கல, அப்பச் சரிதான். வேர்வ வந்துருச்சு. மலையில குளிரு, எனக்கு ஜாக்கெட்டுக்குள்ள வேர்வ. இப்பச் சொல்லிருவோமா, முதுகக் காட்டிக்கிட்டே சொல்றது ஈசி, மொகத்தப் பாக்க வேண்டாம், "டேய், எனக்குக் காது" இம்புட்டுத்தான், மூணு வார்த்த, வாய் வரைக்கும் வந்துச்சு, அப்ப பாத்தா லோகு எதுக்க இல்ல. எங்க போனான். பாயி அங்கிட்டுப் பாக்குறாரு, ஒதட்டுக்குள்ள சிரிப்ப அடக்குறாரு. அக்கா கண்ணு எம் முதுகுக்குப் பின்னாடி ஒரே எடத்துல நிக்குது, அங்கிட்டு இங்கிட்டு போகல. அப்ப வண்டி போகல, நிக்குது. காதத் தீட்டுனேன். என்னமோ இருக்கு. தூரத்துல யாரோ சாக்கத் தரையில இழுக்குற மாதிரி. மழுங்கலா. என்னடா இது. சாக்கு. இழுக்குறாய்ங்க. நிறுத்துறாய்ங்க. மறுபடி இழுக்குறாய்ங்க. மூக்குல லேசா ஆயிலு வாட வந்துச்சு, அதக்கூட கவனிக்கல பாருங்க, காதுலயே நின்னுட்டேன். "சொல்லுடா வெள்ளை!"ன்னாரு பாயி. "ம்... ஸ்ப்ளெண்டரு"ன்னேன். "பழய ஸ்ப்ளெண்டரு, பாயோட அண்ணன் முற."

பாய் தோளும் அக்கா தோளும் குலுங்குச்சு. பாயி தொடையில அடிச்சுக்கிட்டாரு. சரி, ஜெயிச்சாச்சுன்னு சிரிச்சுக்கிட்டே திரும்புறேன், லோகு என் ஆர்.எக்ஸ். மேல ஒக்காந்து ஆக்சிலேட்டர முறுக்கிக்கிட்டிருக்கான். என் வண்டி. கறுப்பு டேங்கு, நான் கீறுன கீறலு, பொகை வெள்ளையா என் மொகத்துக்கு நேரா வருது. அவன் கை முறுக்க முறுக்க அந்தச் சாக்கு இழுபடுது. அப்பந்தான் தெரிஞ்சுச்சு, அதத்தான் நான் இம்புட்டு மாசமா ஓட்டிக்கிட்டிருந்திருக்கேன், கால் தொடையில அதிருறத வச்சு ஓடுது ஓடுதுன்னு நெனச்சு, சத்தம் எம் மண்டைக்குள்ள இருந்த பழய சத்தம், அத நானே போட்டுக்கிட்டு ஓட்டியிருக்கேன். "தன் பொண்டாட்டியவே தெரியாதவன் மாதிரி நடிக்கிறான் பாருங்க பாய், என்னா நடிப்பு!" லோகு வாயி தாடிக்குள்ளருந்து இம்புட்டும் தெளிவாத் தெரிஞ்சுச்சு. நடிப்புன்னு நெனச்சுட்டாய்ங்க. வெள்ளை வெளையாடுறான்னு. நல்லதாப் போச்சுடா சாமின்னு நானும் நெஞ்சுல கையை வச்சு, "யாரும்மா நீ, எங்கயோ பாத்த மாதிரி இருக்கு"ன்னு வண்டியப் பாத்துக் கும்புட்டேன், பாயி விழுந்து விழுந்து சிரிச்சாரு, அக்காவும் சிரிச்சுச்சு. இருதயத்தப் பாத்தேன். அவன் தோளு மட்டும் குலுங்கல.

அவன் கிளாசக் கழுவி வச்சுட்டு வந்து பெஞ்சுல ஒக்காந்தான். எடது பக்கமா. சிகரெட்டு மாதிரி ஒரு பல்லுக்குச்சிய வாயில வச்சுக்கிட்டு ரோட்டப் பாத்தான். பெறகு எங் காதுக்குக் கிட்ட வந்து, கத்தாம, ஆனா ஒவ்வொரு வார்த்தையா, கம்பத்து மேல ஏறுறப்ப கால் வப்பானே அப்பிடி, "எறங்குறப்ப வால நான் புடிச்சுக்கிறேன். நீ பாய்க்குப் பின்னாடி வா"ன்னான். "ஏன்டா, ஒனக்கு என்ன திடீர்னு எம் பின்னாடி வர ஆச, அழகா இருக்கேனா?"ன்னேன். "ஆமா, ரதி." "லோகு வளைவுல படுத்துப் படுத்துப் போவான்டா, அவன யாரு பாக்குறது, எனக்குத்தான அவன் சத்தம்" அங்கயே நின்னு போச்சு எனக்கு. சத்தம்ங்குற வார்த்தையில வாயி சறுக்கிருச்சு. அவன் குச்சியத் துப்பிட்டு, "சித்திரையிலருந்து ஒன் எடது பக்கமே நிக்கிறேன்டா மூதேவி. நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன்"ன்னான். நான் நெனச்சுப் பாத்தேன். டீக்கடையில எடது பக்கம். பெட்ரோலு பங்குல எடது பக்கம். பாயோட கடையில முக்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு எடது பக்கம். நான் அதுக்கு அவனக் கிண்டலு வேற பண்ணியிருக்கேன், "என்னடா பொண்டாட்டி மாதிரி எடது பக்கமே வந்து நிக்கிற"ன்னு. அவன் அப்பவும் சிரிச்சான். "பாய்லரையும் பாத்தியா?"ன்னு கேட்டேன். "நான் அந்தப் பெஞ்சுல ஒக்காந்ததில்லையா?" அம்புட்டுத்தான் சொன்னான். நான் பாயும் லோகுவும் நிக்கிற பக்கம் கண்ணக் காட்டினேன். "அவய்ங்களுக்கு?" "நீ சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

துணிய எடுத்தேன். பாயி பதறிட்டாரு, "டேய் வெள்ளை, வெளையாட்டுக்குடா, ஒன் வண்டிய ஒனக்குத் தெரியாதா, வை துணிய"ன்னாரு. இல்ல பாய், தப்பாச் சொன்னேன்ல, ஆட்டம்னா ஆட்டந்தான்னு நாலு வண்டியையும் தொடச்சேன், புல்லட்டு, மிக்ஸி, ஸ்ப்ளெண்டரு, கடைசியா என்னோடத. குனிஞ்சுக்கிட்டே, சைலன்சரத் தொடச்சுக்கிட்டே, அதப் பாத்துச் சொல்ற மாதிரி அவய்ங்ககிட்டச் சொன்னேன். எம்புட்டுச் சத்தமாச் சொன்னேன்னு எனக்குத் தெரியல. நிமுந்து பாக்குறப்ப லோகு தாடியில கைய வச்சுக்கிட்டு நிக்கிறான், பாயி தலையில கை வச்சிருக்காரு, யா அல்லா சொல்லல. யாரு தோளும் குலுங்கல. "என்னடா எழவு வீடு மாதிரி, காதுதானடா, வேற ஒண்ணும் இல்லையே, பஞ்சவர்ணத்துக்கிட்ட விசாரிச்சுக்கங்க"ன்னேன். அதுக்கும் குலுங்கல.

இப்ப எறங்குறோம். எனக்கு முன்னாடி பாயி, எனக்குப் பின்னாடி இருதயம். எம் பின்னாடி ஒரு ஆளு வர்றது இதுதான் மொத தடவ, முதுகு கூசுது. வெயில்லயும் லைட்டப் போட்டுட்டு வர்றான், என் கண்ணாடிக்குள்ள ஒரு பொட்டு, பாய்லருல வச்ச குங்குமம் மாதிரி. லைட்டு அணஞ்சு எரிஞ்சா பின்னாடி வண்டி வருதுன்னு அர்த்தம், அப்பிடித்தான் பேசிக்கிட்டோம், கெளம்புறப்ப அவன் வெரலாலயே காட்டுனான். எத்தன ஞாயித்துக்கெழமைக்கு இப்பிடி வருவான், அதக் கேக்கல, கேட்டா சொல்லிருவான். ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணும் இல்ல. காத்தும் இல்ல. நான் வாயால ஆரம்பிச்சேன், ர்ர்ரிங்டிடிடிங்ங்ங், கியரு மாத்துறப்ப மாத்தி, வளைவுல எறக்கி, பல்லுலயும் தாடையிலயும் அது அதிருது, அந்தளவுக்கு இருக்கு. சரியா வருதான்னு தெரியல. என் வண்டிச் சத்தமா வருதா, சாக்கு இழுக்குற சத்தமா வருதா, இனிமே யாரு சொல்லுவா, மூதேவி இருதயத்துக்கிட்ட கேட்டா நல்லாத்தான்டா இருக்குன்னுதான் சொல்லுவான். ஏழாவது வளைவு. கண்ணாடியில பொட்டு அணஞ்சு எரியுது, அணஞ்சு எரியுது. எடதுல ஒதுங்குனேன், பாய்க்கு ரெண்டு ஹாரன் அடிச்சேன், பாயி ஒதுங்குனாரு, அவருக்கு முன்னாடி போன லோகுவும் ஒதுங்குனான். பஸ்சு வருது. கூரையில வாழக்கா, சன்னல்ல ஒரு பொண்ணு தலைய நீட்டிப் பாக்குது, வீடு மாதிரி பெருசா, என் கைக்குக் கிட்டத்துல, சும்மா கனவுல போற மாதிரி போவுது, ஒரு சத்தம் இல்லாம. பாவம், அம்புட்டுப் பெரிய பஸ்சு ஹாரன் இல்லாமப் போவக்கூடாதுல்ல. ஹெல்மெட்டுக்குள்ள நானே அடிச்சு விட்டேன், பாம்ம்ம், பாம்ம்ம், கடைசி சன்னலு தாண்டுற வரைக்கும்.